ஒற்றைக்கால் கொக்கும் பாதி வெள்ளியும்

காசு அடிக்கும் நாணயச் சாலையில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நகை வேலைக்காரர்கள் கண்ணில் செருகிக்கொள்வார்களே ஒரு சின்ன லென்ஸ், அது எந்நேரமும் அவள் நெற்றியில் ஏறி உட்கார்ந்திருக்கும். சாப்பிடும்போதும் இருக்கும், பஸ் ஏறும்போதும் இருக்கும், ஒருமுறை துக்கம் விசாரிக்கப் போன வீட்டிலும் இருந்தது. அதனால் லென்ஸம்மா. இருபத்திரண்டு வருஷமாக அங்கே எஃகில் அச்சு வெட்டுகிறாள். கை நிதானமானது. வாய்க்கு அந்த நிதானம் கிடையாது.

வருஷத்துக்கு ஒரு வெள்ளி நாணயம் சாலையிலிருந்து வெளிவரும். கடையில் நீட்டிச் சில்லறை வாங்குகிற காசில்லை அது. சேகரிப்பவர்கள் பெட்டியோடு வாங்கி, பெட்டியோடு பூட்டி வைத்து, வீட்டுக்கு யாராவது வந்தால் மட்டும் எடுத்துக் காட்டி, "பாருங்க, ஆனா தொடாதீங்க" என்று சொல்வதற்காகவே பிறந்த நாணயம். ஒவ்வொரு வருஷமும் ஒரு நீர்ப்பறவை. இந்த வருஷம் கொக்கு.

கொக்குக்காக அவள் பதினோரு நாள் ஏரிக்கரையில் கொசுக்கடியோடு உட்கார்ந்திருந்தாள். ஒரு காலை மடக்கி இறகுக்குள் வைத்துக்கொண்டு, மறு காலில் தண்ணீருக்குள் அசையாமல் நிற்கிற கொக்கு. முதலில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சாந்தில் மாதிரி செய்து, அதை எந்திரத்தில் சுருக்கி எஃகில் இறக்கி, பிறகு லென்ஸைக் கண்ணுக்கு இறக்கி, இறகு இறகாகத் தானே வெட்டினாள். நாணயத்தில் அந்தக் கால் தலைமுடி கனம்தான் இருக்கும். நடுவில் கடுகில் பாதி அளவுக்கு ஒரு முட்டி. காலுக்குக் கீழே மூன்று நீர்வளையம். வளையத்துக்குக் கீழே, கண்ணைச் சுருக்கினால் மட்டும் தெரிகிற எழுத்தில் 925. ஆயிரம் பங்கில் தொள்ளாயிரத்து இருபத்தைந்து பங்கு வெள்ளி, மிச்சம் செம்பு என்று அதற்கு அர்த்தம். ஏழு மாத வேலை. வடிவத்தைத் தேர்வு செய்யும் குழு பார்த்து, தலையாட்டி, கையெழுத்தும் போட்டுவிட்டது.

அதற்குப் பிறகுதான் முதல் சுற்றறிக்கை வந்தது.

வெள்ளி விலை ஏறிவிட்டதால், இந்த வருஷ நாணயம் பாதி வெள்ளி, பாதி செம்பில் அடிக்கப்படும். வடிவமைப்பில் மாற்றம் இல்லை. எண்ணை மட்டும் 500 என்று திருத்தவும்.

லென்ஸம்மா காகிதத்தை எடுத்துக்கொண்டு நேராக உலைக்கூடத்துக்குப் போனாள். உலையைப் பார்த்துக்கொள்பவரை எல்லோரும் உலையண்ணன் என்பார்கள். ஓய்வு பெற ஒரு வருஷம் இருந்தது. எதையும் மெல்லச் சொல்லி, அதிலும் பாதியை விழுங்கிவிடுகிற மனிதர்.

"அண்ணே, இதைப் படிச்சீங்களா? வடிவமைப்புல மாற்றம் இல்லையாம்!"

"படிச்சேன்." அவர் கையுறையைக் கழற்றினார். "செம்பு கூடினா கல்லு மாதிரி ஆயிடும்மா. உன் கொக்கு கால் வரைக்கும் அது ஓடாது."

"அது உங்களுக்குத் தெரியுது, எனக்குத் தெரியுது. கையெழுத்துப் போட்டவருக்கு?"

அவர் கையுறையைத் திரும்ப மாட்டினார். உருக்கி, தகடாக்கி, காசளவுக்கு வட்ட வில்லை வெட்டிக் கொடுத்தார். செம்பு கலந்த வில்லை சிவப்படித்துத் தெரியும் என்பதால், அமிலத்தில் போட்டு மேல்தோலில் உள்ள செம்பை மட்டும் கரைத்து எடுத்தார்கள். வெளியே எடுத்தபோது பால் மாதிரி வெளுத்து, அசல் வெள்ளி வில்லைக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியவில்லை. அச்சில் வைத்து அடித்தார்கள். கொக்கு வந்தது, இறகு வந்தது, அலகு வந்தது. முட்டி மட்டும் வரவில்லை. தொடைக்கும் கணுக்காலுக்கும் நடுவே வெறும் இடைவெளி. பறவை அந்தரத்தில் தொங்கியது. அழுத்தத்தைக் கூட்டி அடித்தார்கள். முட்டி வந்தது, சோதனைக்கென்று எடுத்திருந்த நகல் அச்சு விரிசல் விட்டது.

வேறு வழியில்லாமல் காலைப் பருமனாக்கிப் புது அச்சு வெட்டினாள். ஐந்து வாரம். அதை எடுத்துக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனபோது, அவர் நாணயத்தைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மேடம், கால் கொஞ்சம் குண்டா இல்ல?"

"குண்டுதான் சார். பாதி வெள்ளியில அவ்வளவுதான் வரும்."

"ஏதோ வாத்து மாதிரி தெரியுது. ஒண்ணு பண்ணுங்களேன், அந்த இன்னொரு காலையும் கீழ இறக்கிடுங்க. ரெண்டு காலும் மெலிசா இருந்தா பாலன்ஸ் வந்துடும்."

"சார், ஒரு மெல்லிசு கால் வராத இடத்துல ரெண்டு மெல்லிசு கால் எப்படி சார் வரும்?"

"இல்ல, குழுவுல ஒருத்தர் கேட்டாரு. ஒரு கால்ல நிக்குதே, பறவைக்கு ஏதாவது ஊனம்னு ஜனங்க நினைச்சுக்கப் போறாங்கன்னு."

லென்ஸம்மாவுக்கு உச்சியில் சுர்ரென்று ஏறியது. "கொக்கு நிக்கறதே அப்படித்தான் சார். என்னைக் கேக்க வேண்டாம், ஏரிப் பக்கம் போய் கொக்கைக் கேளுங்க."

ஒற்றைக்காலை விட முடியாது என்று அவளும் ஒற்றைக்காலில் நின்றதால், குண்டுக்கால் கொக்கே ஒப்புதலாயிற்று. உலையண்ணன் பாதி வெள்ளியில் வில்லைகள் தயார் செய்து பெட்டி பெட்டியாக அடுக்கினார்.

இரண்டாவது சுற்றறிக்கை பதினெட்டே நாளில் வந்தது. நாணயம் பாதி வெள்ளிதான் என்ற செய்தி எப்படியோ வெளியே கசிந்து, சேகரிப்பாளர்கள் கொதித்துப்போய்க் கடிதம் எழுதித் தள்ளிவிட்டார்கள். ஆகவே சாலை தன் பெருமையைக் காப்பாற்றிக்கொள்ளும் பொருட்டு, இந்த வருஷம் சுத்த வெள்ளியில், 999 மாற்றில் அடிக்கும்.

திரும்பவும் மெல்லிய கால், திரும்பவும் புது எண். சுத்த வெள்ளி வெண்ணெய் மாதிரி ஓடி முட்டியின் மடிப்பு வரை நிரப்பியது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அடித்த நாணயம் தட்டில் விழுந்த மாத்திரத்தில் கீறல். பக்கத்து நாணயம் உரசினால் கீறல். துணியால் துடைத்தால் துணியின் நெசவுகூட அதில் பதிந்தது. பத்து நாள் கழித்துப் பெட்டியைத் திறந்தால், கொக்கின் நெற்றியில் சுண்ணாம்புத் துளி விழுந்த மாதிரி வெள்ளைக் கறை வேறு. நூறு அடித்தால் முப்பது தேறியது.

மூன்றாவது சுற்றறிக்கை வந்த அன்றைக்கு அவள் உளியைக் கீழே வைத்துவிட்டு, கண்ணை மூடிப் பத்து வரை எண்ணப் பார்த்தாள். ஏழிலேயே பொறுமை தீர்ந்துவிட்டது. பிரித்துப் பார்த்தால், நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, எல்லாத் தரப்பையும் கருத்தில் கொண்டு, நாணயம் 925 மாற்றில் அடிக்கப்படும் என்று எழுதியிருந்தது.

"இதைத்தானேய்யா நான் முதல்லயே வெட்டி வச்சேன்!" என்று அவள் போட்ட சத்தம் உலைக்கூடம் வரை கேட்டதாகப் பிற்பாடு சொன்னார்கள்.

அலமாரியிலிருந்து முதல் அச்சை எடுத்து, எண்ணெய் துடைத்து, மாட்டினார்கள். ஐயாயிரம் நாணயம் இரண்டு வாரத்தில் அடித்து முடிந்தது. பெட்டிகளில் போட்டு அனுப்பினார்கள். லென்ஸம்மா மூன்று நாள் லீவு போட்டுவிட்டுத் தூங்கினாள்.

அவள் குடியிருந்தது அக்கா வீட்டு மாடியில். கீழே அக்காவும் அத்தானும். அத்தானுக்கு மருந்துக்கடை. கடையை விட்டால் நாணயம், நாணயத்தை விட்டால் கடை; இரண்டுக்கும் நடுவில் அக்கா தன் இடத்தைத் தானே பார்த்துக்கொண்டாள். மைத்துனி அச்சு வெட்டுகிறாள் என்பதில் அவருக்கு ரொம்பப் பெருமை. அந்தப் பெருமையைக் குறை சொல்லிச் சொல்லித்தான் காட்டுவார். போன வருஷ நாரைக்கு நகம் நீளம் என்றார். அதற்கு முந்தின வருஷ முக்குளிப்பானுக்கு முழி சரியில்லை என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாடிப்படியில் அவர் குரல் கேட்டபோது அவள் தலையணையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள்.

"என்னம்மா, எழுந்தாச்சா? கொக்கு வந்துடுச்சு. ரெண்டு வாங்கினேன். ஒண்ணு எனக்கு, ஒண்ணு என் சிநேகிதருக்கு."

"சந்தோஷம் அத்தான்."

"ஒண்ணுல மூடி சரியா உக்கார மாட்டேங்குது."

"மூடி நான் செய்யறதில்ல அத்தான்."

"முட்டியும் இல்ல."

"என்ன?"

"கொக்குக்கு முட்டி இல்லம்மா. ஒண்ணுல இருக்கு, ஒண்ணுல இல்ல. உன் கண்ணு அசந்துடுச்சோன்னு பார்த்தேன்."

அவளுக்கு வந்த கோபத்தில் செருப்புக்கூடப் போடாமல் கீழே இறங்கினாள். ஏழு மாதம், மூன்று அச்சு, மூன்று சுற்றறிக்கை, வாத்து என்ற பட்டம். இவ்வளவுக்கும் பிறகு ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமல் முட்டி இல்லையாம்! சமையலறை மேஜையில் இரண்டு நாணயமும் வெள்ளைத் துணிமேல் இருந்தன. லென்ஸைக் கண்ணுக்கு இறக்கினாள். முதல் கொக்கு நன்றாக நின்றது. இரண்டாவதைப் பார்த்தாள். தொடைக்கும் கணுக்காலுக்கும் நடுவே இடைவெளி. பறவை அந்தரத்தில் தொங்கியது.

கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. இந்த இடைவெளியை அவள் இதற்கு முன்பு ஒரே ஓர் உலோகத்தில்தான் பார்த்திருக்கிறாள்.

"அத்தான், உங்க கடைத் தராசு எங்க?"

"எடுத்துட்டு வந்தே வச்சிருக்கேன்." மூடி உட்காராதபோதே அவருக்குச் சந்தேகம் தட்டியிருந்தது. மருந்து நிறுக்கிற தராசு, குண்டுமணியில் பத்தில் ஒரு பங்கைக்கூடக் காட்டிவிடும். இரண்டு நாணயமும் நிறையில் சரியாக இருபது கிராம். பிறகு ஒரு தம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்து, எடையைப் பூஜ்யமாக்கி, நாணயத்தை நூலில் கட்டி, அடியில் முட்டாமல் தண்ணீருக்குள் தொங்கவிட்டார். முதல் நாணயத்துக்குத் தராசு 1.93 காட்டியது. இரண்டாவதற்கு 2.07.

"ஒரே எடை, ஆனா இது அதிக இடத்தை அடைக்குது," என்றார் அத்தான். "வெள்ளியைவிட லேசான ஏதோ ஒண்ணு உள்ள நிறைய இருக்கு. அதான் தடிமனா இருக்கு, மூடி உக்காரல. உன் நாணயத்துல 925ன்னு எழுதியிருக்கு, ஆனா அது பொய் சொல்லுது."

அடுப்படியிலிருந்து அக்கா திரும்பிப் பார்த்தாள். "காபி குடிக்கிற தம்ளர்லயா நூலைக் கட்டித் தொங்கவிட்டீங்க?"

அத்தான் தம்ளரைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

திங்கட்கிழமை லென்ஸம்மா முதலில் உலைக்கூடத்துக்குத்தான் போனாள். விஷயத்தைச் சொல்லச் சொல்ல உலையண்ணன் முகம் சாம்பலாகிவிட்டது. கிடங்கில் போய் எண்ணினார்கள். பாதி வெள்ளி வில்லையில் ஒரு பெட்டி குறைந்தது. அறுநூறு வில்லை.

"பெட்டி மேல சாக்பீஸ்ல எழுதித்தான் வச்சேன்," என்றார். "துடைச்சுப் போயிருக்கும். வெளுத்த வில்லை, பார்த்தா தெரியாது. எந்திரம் எடையை மட்டும்தான் பார்க்கும். எடை சரியாத்தானே இருந்துச்சு." காலி இடத்தையே பார்த்துக்கொண்டு, "எட்டு மாசம்கூட இல்லம்மா எனக்கு" என்றார்.

அவளுக்கு அவரை உலுக்க வேண்டும் போலவும் இருந்தது, அவர் தோளில் கை வைக்க வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யாமல் மேலாளர் அறைக்கு நடந்தாள்.

மேலாளர் பதறவே இல்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"ஐயாயிரத்துல அறுநூறுதானே மேடம். எல்லாம் அனுப்பியாச்சு. யாரு தண்ணியில முக்கிப் பார்க்கப் போறாங்க?"

"எங்க அத்தான் பார்த்துட்டாரு சார்."

"அவரு உங்க சொந்தக்காரரு. சொன்னா கேட்டுக்குவாரு."

"எங்க அத்தானா? நீங்க அவரைப் பார்த்ததில்ல."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "இப்படிச் சொல்லலாமே. கால் பகுதியில அச்சு தேய்ஞ்சு போச்சு, சில நாணயத்துல முட்டி சரியா விழலன்னு ஒரு வரி போட்டுடலாம். தேய்மானம் எங்கயும் நடக்கறதுதான். உலோகத்தைப் பத்திப் பேசவே வேண்டாம்."

"அதாவது, நான் வெட்டுன அச்சு மேல பழி."

"பழின்னு ஏன் எடுத்துக்கறீங்க..."

"சார்." அவள் லென்ஸை நெற்றியிலிருந்து கழற்றி மேஜைமேல் வைத்தாள். அவள் அதைக் கழற்றி அவர் பார்த்ததே இல்லை. "மூணு தடவை மாத்தினீங்க, மூணு அச்சு வெட்டினேன். வாத்துன்னீங்க, கேட்டுக்கிட்டேன். அந்த 925 என் கையால வெட்டினது. ஒருத்தர் அதைப் படிச்சிட்டு நம்பித்தான் பெட்டியில வச்சுப் பூட்டறாரு. உள்ள பாதி செம்பை வச்சிட்டு, மேல என் எழுத்துல வெள்ளின்னு சொல்ல நான் விட மாட்டேன். நீங்க அறிவிப்புப் போடலன்னா, எனக்குத் தெரிஞ்ச ஒவ்வொரு சேகரிப்பாளருக்கும் நானே கடிதம் எழுதுவேன். எனக்கு நிறையப் பேரைத் தெரியும் சார். பாதிப் பேர் எங்க வீட்டுக் கூடத்துலதான் உக்காந்திருப்பாங்க."

"யாரோட தப்புன்னு விசாரணை வரும். உலையில இருக்கறவர் பேரு அடிபடும். அதையும் யோசிச்சுக்கோங்க."

அவள் மேஜைமேல் இருந்த லென்ஸைப் பார்த்தாள். வழியெல்லாம் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்திருந்தாள்.

கதவு திறந்தது. உலையண்ணன் கையுறையோடு நின்றார். எவ்வளவு நேரமாக வெளியே நின்றாரோ தெரியவில்லை.

"என் பேரு அடிபடட்டும் சார்," என்றார். இந்தத் தடவை எதையும் விழுங்கவில்லை. "பெட்டி என்னோடது. சாக்பீஸ்ல எழுதினது என் தப்பு. பாதி வெள்ளி வேண்டாம்னு சொன்ன அன்னைக்கே அத்தனையையும் உருக்கியிருக்கணும். நாளைக்கு நீங்க மறுபடியும் பாதின்னு சொல்லுவீங்களோன்னு பயந்து வச்சிருந்தேன்."

மேலாளர் பார்வை மேஜைக்கு இறங்கியது. அவர் போட்ட சுற்றறிக்கைகள் மூன்றும் அவர் மேஜைக் கண்ணாடிக்கு அடியிலேயே இருந்தன.

அறிவிப்பை லென்ஸம்மாதான் எழுதினாள். நாலே வரி. உங்கள் கொக்கின் முட்டியைப் பாருங்கள், முட்டி இல்லாவிட்டால் அந்த நாணயம் பாதி வெள்ளி, தவறு எங்களுடையது, அனுப்பினால் சரியானது தருவோம். மேலாளர் அதில் "எதிர்பாராத விதமாக" என்று ஒரு சொல்லைச் சேர்த்தார். அவள் அதைக் கோடு போட்டு அடித்தாள். அவர் திரும்பச் சேர்த்தார். அந்த ஒரு சொல்லை விட்டுக்கொடுத்தாள்.

விசாரணை நடந்தது. உலையண்ணனுக்கு எழுத்தில் ஒரு கண்டிப்பு, அதற்குமேல் ஒன்றுமில்லை. சுற்றறிக்கைகளை வரிசையாக வைத்துப் படித்த அதிகாரிக்கே தலை சுற்றிவிட்டதாம். பதினெட்டு நாளில் உலோகத்தை மாற்றியது யார் என்ற கேள்வி மேலே மேலே ஏறிப் போய், ஒரு மாடியில் காணாமல் போனது.

இரண்டு மாதத்தில் முந்நூற்று நாற்பது நாணயம் திரும்பி வந்தது. மிச்சம் வரவில்லை. ஏன் வரவில்லை என்பது அவளுக்கு வீட்டிலேயே தெரிந்தது.

"அத்தான், அந்த முட்டியில்லாததைக் குடுங்க. நாளைக்கு மாத்திக் கொண்டுவந்துடறேன்."

"எதை மாத்தறது?" அத்தான் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டார். "உனக்கென்ன பைத்தியமா? இருக்கறதே இன்னும் இருநூத்துச் சொச்சம்தான். இனிமே இது கிடைக்குமா?"

"சிநேகிதருக்கு வாங்கினேன்னீங்க?"

"அவருக்கு நல்லதைக் குடுத்துட்டேன்."

"பொய் சொல்ற நாணயம்னு நீங்கதானே சொன்னீங்க!"

"ஆமா. அதுதான் பொய்னு இப்ப எல்லாருக்கும் தெரியுமே. அப்புறம் என்ன?"

அக்கா குறுக்கிட்டாள். "அவர்கிட்ட வாயைக் குடுக்காதடி. அந்தத் தம்ளரையே இன்னும் திருப்பிக் குடுக்கல."

திரும்பி வந்த நாணயங்களை உருக்கிய அன்று அவள் உலைக்கூடத்துக்குப் போனாள். உலையண்ணன் அவற்றைக் கை கையாக உருக்கும் மூசைக் கிண்ணத்துக்குள் போட்டார். கொக்குகள் கொஞ்ச நேரம் அப்படியே நின்றன. பிறகு ஓரம் மழுங்கி, ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து, சிவந்து, ஒரே குழம்பாகிவிட்டன. ஏழு மாத வேலை இப்படிக் கரைவதைப் பார்த்தால் அழுகை வரும் என்று நினைத்துத்தான் வந்தாள். வரவில்லை. வேர்த்தது, அவ்வளவுதான்.

"ஆபீஸ்ல புது உத்தரவு போட்டிருக்காங்களாமே," என்றார் அவர், குழம்பைக் கிளறிக்கொண்டே.

"ஆமாண்ணே. இனிமே ஒவ்வொரு பெட்டியிலயும் பத்து வில்லையை எடுத்துத் தண்ணியில நிறுத்துப் பார்த்துட்டுத்தான் அடிக்கணுமாம்."

"நல்லதுதானே. யாரு நிறுக்கணுமாம்?"

லென்ஸம்மா அவரைப் பார்த்தாள்.

"யாரு அண்ணே நிறுப்பா? யாரு வாயைத் தொறந்து சொன்னாளோ, அவதான்."

உலையண்ணன் சிரிக்கக் கூடாது என்றுதான் பார்த்தார். முடியவில்லை. அவர் அப்படிச் சத்தம் போட்டுச் சிரித்து அவள் கேட்டதே இல்லை. கிளறுகிற கோலைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார்.

"சிரிங்க, சிரிங்க. நீங்க அஞ்சு மாசத்துல கிளம்பிடுவீங்க," என்று அவரைத் திட்டிக்கொண்டே, அன்றைய முதல் பெட்டியைத் தூக்க அவள் கிடங்குக்குப் போனாள்.